மண்ணு பார்சல்ல வரும், கை வருமா?

(பட்டிமன்றத் தலைப்பு: வெளிநாடு போகும்போது ஓர் உணவின் அசல் சுவையை நமக்குத் தருவது அது பிறந்த மண்ணா? சமைக்கும் கையா? – ‘கையே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, ‘மண்ணே!’ என்று மண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் எதிரணி நண்பர்களே, கையை நம்பி என்னோடு உட்கார்ந்திருக்கும் என் அணித் தோழர்களே, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே (சிரிப்பு), ‘சீக்கிரம் முடியுமா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமா’ என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னாங்க? ‘ஒரு பொருள் எந்த மண்ணுல பிறந்ததோ, அந்த மண்ணுல போய்ச் சாப்பிட்டாத்தான் அது அசல். மத்ததெல்லாம் நகல்’னு சொன்னாங்க. கைதட்டினீங்க. தட்டுங்க, தப்பில்லை. ஆனா உதாரணத்துக்கு எதை எடுத்தாங்க? பீட்சாவை எடுத்தாங்க! ‘பீட்சா சாப்பிடணும்னா இத்தாலிக்குப் போகணும்’னு சொன்னாங்க. ஐயா, அவங்க வேற எதைச் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பேன். பீட்சாவைத் தொட்டாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. ஏன்னா, நான் இத்தாலிக்குப் போயிட்டு வந்தவன்! (சிரிப்பு)

எம் பையன் ஜெர்மனியில வேலை பார்க்கிறான். 2019-ஆம் வருஷம் எங்களைக் கூப்பிட்டான். நான், எங்க வீட்டம்மா, பையன், மருமகள் – நாலு பேரும் இத்தாலி கிளம்பினோம். எங்க வீட்டம்மா சைவம். முட்டைகூடத் தொட மாட்டாங்க. ‘அந்த ஊர்ல நான் என்னங்க சாப்பிடுவேன்?’னு கேட்டாங்க. ‘பீட்சா பிறந்த நாட்டுக்கே போறோம். அசல் பீட்சா உனக்கு வாங்கித் தர்றது என் பொறுப்பு’னு சொல்லிட்டேன். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல நான் தைரியமாக் கொடுத்த ஒரே வாக்குறுதி அதுதான். (சிரிப்பு)

முதல்ல ரோம் நகரம். காசு போட்டு வேண்டிக்கிற அந்தப் பெரிய நீரூற்று இருக்கு பாருங்க, திரேவி நீரூற்று, அதைப் பார்த்துட்டுத் திரும்பினோம். நல்ல பசி. ஒரு கடை வாசல்ல கோட்டு போட்ட ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ரெண்டு கையையும் கூப்பி ‘நமஸ்தே!’ன்னார். எங்க வீட்டம்மா உருகிப் போயிட்டாங்க. ‘பாருங்க, என்ன மரியாதை!’ உள்ளே போனோம். மெனு அட்டை கல்யாண ஆல்பம் மாதிரி இருந்துச்சு. எட்டு மொழி. ஒவ்வொண்ணுக்கும் கலர் படம். படத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரத்துல பீட்சா வந்துச்சு.

ஐயா, அதை நான் எப்படிச் சொல்லுவேன்! கீழே அட்டை. மேலே சீஸ் இழுத்தா வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. மருமகள் இழுக்கிறா, நான் பிடிச்சுக்கிறேன். ரெண்டு பேரும் கொடி கட்டித் துணி காயப் போடலாம்! (சிரிப்பு) நடுவுல ஐஸ் கட்டி மாதிரிச் சில்லுனு ஒரு இடம். பில்லைப் பார்த்தா ஒரு பீட்சா 14 யூரோ. நாங்க கேட்காத ரொட்டிக்குத் தனியாக் காசு. எங்க வீட்டம்மா என்னைப் பார்த்தாங்க. ‘இதுதான் உங்க அசலா?’ன்னாங்க. நடுவர் ஐயா, அந்தப் பார்வைக்கு நான் இன்னிக்கு வரைக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். (சிரிப்பு)

இப்ப எதிரணியைக் கேட்கிறேன். அந்தக் கடை இருந்தது எந்த மண்ணுல? இத்தாலி மண்ணுல! குடிச்சது எந்தத் தண்ணி? இத்தாலித் தண்ணி! நூறடி தள்ளி அந்தப் பெரிய நீரூற்று! மண்ணுதான் சுவை தரும்னா அந்தப் பீட்சா அமிர்தமா இருந்திருக்கணுமே? ஏன் இல்லை? எங்கேயோ செஞ்சு, உறைய வச்சு, எந்திரத்துல சூடு பண்ணிக் கொண்டுவந்து வச்சாங்க. அங்கே மண்ணு இருந்துச்சு. கை இல்லை! (கைதட்டல்)

சரி, தோத்துட்டோமேன்னு விட்டோமா? இல்லை. பையன் சொன்னான், ‘அப்பா, பீட்சாவோட பிறந்த வீடு ரோம் இல்லை, நேப்பிள்ஸ்’னு. வேகமான ரயில்ல ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். போய் இறங்கினோம். நாங்க தங்கின வீட்டுக்காரம்மா எழுபது வயசுப் பாட்டி. எம் பையன் செல்போன்ல மொழிபெயர்த்துக் கேட்டான்: ‘நல்ல பீட்சா எங்கே கிடைக்கும்?’ அந்தப் பாட்டி கடை பேரே சொல்லலை ஐயா! மூணு விரலை மடக்கினாங்க. மூணு அடையாளம் சொன்னாங்க.

ஒண்ணு: வாசல்ல நின்னு உன்னைக் கூப்பிடுற கடைக்குப் போகாதே. ஊர்க்காரங்க வாசல்ல காத்துக்கிட்டிருக்கிற கடைக்குப் போ. ரெண்டு: மெனு அட்டையில படம் இருந்தா திரும்பி வந்துடு. நாலஞ்சு வகையே போட்டிருந்தா உட்காரு. மூணு: உள்ளே எட்டிப் பாரு. விறகு அடுப்பும் அதுக்கு முன்னால நிற்கிற ஆளும் கண்ணுக்குத் தெரியணும்.

கவனிச்சீங்களா? அந்தப் பாட்டி நேப்பிள்ஸ்லயே பிறந்து வளர்ந்தவங்க. ‘இது நேப்பிள்ஸ், எந்தக் கடைக்கு வேணும்னாலும் போ, மண்ணு நல்ல மண்ணு’னு சொல்லியிருக்கலாமே? சொல்லலையே! ‘அடுப்புக்கு முன்னால ஆளைப் பாரு’ன்னுதானே சொன்னாங்க? சொந்த ஊர்க்காரங்களே மண்ணை நம்பலை ஐயா, கையைத்தான் நம்புறாங்க! (கைதட்டல்)

அங்கே திரிபுனாலி தெருன்னு ஒரு பழைய தெரு. நம்ம ஊர்த் தேரடித் தெரு மாதிரி நெருக்கம். மேலே மாடிக்கு மாடி துணி காயுது, கீழே ஸ்கூட்டர் இடிச்சுக்கிட்டுப் போகுது. ஒரு கடை வாசல்ல இருபது பேர் நிக்கிறாங்க. நாங்களும் நின்னோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் நம்ம ஊர்க் கணக்கைப் போட்டேன். ‘ஒரு பீட்சா, நாலு தட்டு’ன்னேன். (சிரிப்பு) பரிமாற வந்த பையன் முகம் வாடிப் போச்சு. அந்த ஊர்ல ஆளுக்கு ஒரு பீட்சா. வெட்டியும் தர மாட்டாங்க. கத்தியும் முள்கரண்டியும் வச்சு நீயே வெட்டிச் சாப்பிடணும். நாம நாலு பேருக்கு ஒரு தோசை சொன்னா ஓட்டல்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தான்!

எம் பையன் ‘எனக்குப் பெப்பரோனி’ன்னான். அமெரிக்காவுல பெப்பரோனின்னா காரமான இறைச்சித் துண்டு. ஆனா இத்தாலிக்காரங்க பாஷையில ‘பெப்பரோனி’ன்னா என்ன தெரியுமா? குடைமிளகாய்! இறைச்சி வரும்னு இவன் காத்திருக்க, பீட்சா மேல பூராவும் குடைமிளகாய் வந்து இறங்குச்சு! (சிரிப்பு) எங்க வீட்டம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. ‘நம்ம புள்ளை திருந்திட்டான்’னாங்க. (பலத்த சிரிப்பு)

அவங்களுக்கு மரினாரா வந்துச்சு. பேருல கடல் இருக்கு. ‘மீன் இருக்குமோ’ன்னு பயந்தாங்க. மீனும் இல்லை, சீஸும் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோங்கிற ஒரு மூலிகை இலை, ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான்! ‘சீஸே இல்லாம ஒரு பீட்சாவா?’ன்னு கேட்டேன். அது ரொம்பப் பழைய வகையாம். அதே ஊர்ல 1870-ல ஆரம்பிச்ச ‘தா மிக்கேலே’ன்னு ஒரு கடை. மரினாரா, மர்கரீத்தா, இந்த ரெண்டே ரெண்டு வகையைச் செஞ்சே உலகப் பேர் வாங்கின கடை அது. ரெண்டே ரெண்டு, ஐயா! நூறு வகை போடுறவனுக்கு மெனு அட்டை பெருசாகும். ரெண்டு வகை போடுறவனுக்குக் கை பெருசாகும்! (கைதட்டல்)

சாப்பிட்டுட்டு எங்க வீட்டம்மா ஒரு குறை சொன்னாங்க. ‘ஏங்க, நடுவுல ஈரமா இருக்கே, வேகலையோ?’ அந்த ஊர்ப் பீட்சா அப்படித்தான். விளிம்பு தடிமனாப் பொங்கி இருக்கும். நடு மெலிசா, குழைவா இருக்கும். மடிச்சா உடையக் கூடாது. தெருவுல நின்னு சாப்பிடுறவங்க நாலா மடிச்சுப் பர்ஸ் மாதிரி கையில பிடிச்சுக்கிட்டே நடக்கிறாங்க.

நான் அடுப்புப் பக்கமா எழுந்து போனேன். அந்த மாஸ்டரைப் பார்க்கணுமே நீங்க! மாவு குறைஞ்சது எட்டு மணி நேரம் புளிச்சு நிக்குது. நம்ம வீட்ல ராத்திரி இட்லி மாவு பொங்குற மாதிரி. கால் கிலோ உருண்டை ஒண்ணை எடுக்கிறார். கட்டை கிடையாது, குழவி கிடையாது. பத்து விரலாலயும் நடுவுல இருந்து வெளிப்பக்கமா அழுத்துறார். ஏன் தெரியுமா? உள்ளே இருக்கிற காத்து பூராவும் விளிம்புக்குப் போகணும். அந்தக் காத்துதான் அடுப்புல பொங்குது. கட்டையை உருட்டினா அந்தக் காத்து செத்துப் போகும். அப்புறம் நம்ம பரோட்டா மாஸ்டர் மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தட்டிப் போடுறார். அடுப்புல 430-லிருந்து 480 டிகிரி சூடு. நம்ம வீட்டு ஓவன் 250 தொடுறதே பெரும்பாடு! உள்ளே இருக்கிற நேரம் 60-லிருந்து 90 செகண்டு. நான் தும்மி முடிக்கிறதுக்குள்ள பீட்சா ரெடி! (சிரிப்பு) அந்த 90 செகண்டுக்குள்ள நீளக் கரண்டியால அதைத் திருப்பி, நாலு பக்கமும் ஒரே அளவு வேக வச்சு எடுக்கிறார். கடிகாரம் பார்க்கலை. கண்ணு பார்க்குது, கை திருப்புது. பத்து செகண்டு தூங்கினா கரி! இந்த வேலையை எந்த மண்ணு ஐயா செய்யும்?

எதிரணி அடுத்து என்ன கேட்பாங்கன்னு எனக்குத் தெரியும். ‘அந்தத் தக்காளி? அந்த மொஸரெல்லா? அது அந்த மண்ணுல விளைஞ்சதுதானே?’ நியாயமான கேள்வி. நான் மறைக்க மாட்டேன். வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில சான் மர்சானோன்னு நீளத் தக்காளி விளையுது. அருமையான தக்காளி. எருமைப் பாலில் செய்யிற மொஸரெல்லா, வெண்ணெய் மாதிரி. அந்த மண்ணுக்கு நான் கும்பிடு போடுறேன்.

ஆனா ஒரு நிமிஷம் வம்சாவளி பார்ப்போமா? தக்காளி எங்கேயிருந்து வந்துச்சு? அமெரிக்கக் கண்டத்துலேருந்து! கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பா தக்காளியையே பார்த்துச்சு. எருமை யாரு? ஆசியாவுலேருந்து போன நம்ம சொந்தக்காரி! (சிரிப்பு) மேலே போடுற பச்சை இலை, பேசில்னு சொல்றாங்களே, அது யாரு? நம்ம திருநீற்றுப்பச்சிலை ஐயா! அதோட விதையைத்தான் நாம சப்ஜா விதைன்னு சர்பத்துல போட்டுக் குடிக்கிறோம். அட, மாவாவது உள்ளூரான்னு பாருங்க. நல்லா இழுபடுற வலுவான மாவுக்கு இத்தாலிக் கடையில என்ன பேரு தெரியுமா? ‘மனிதோபா’! அது கனடா நாட்டுல ஒரு மாநிலத்தோட பேரு!

தக்காளி அமெரிக்கா. எருமை ஆசியா. இலை நம்ம பக்கத்து இலை. வலுவான மாவுக்குக் கனடா பேரு. அப்ப நேப்பிள்ஸோடதுன்னு அந்தத் தட்டுல என்ன ஐயா இருக்கு? கை! கை! கை மட்டும்தான்! (பலத்த கைதட்டல்)

நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ‘ஆதாரம் இருக்கா?’ன்னு கேட்பாங்க. இருக்கு. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உணவுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறாங்க. அதுல ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு, மண்ணுக்குக் கொடுக்கிறது: ‘இந்தப் பொருள் இந்த வட்டாரத்துலதான் விளையணும்’னு. இன்னொண்ணு, முறைக்குக் கொடுக்கிறது: ‘எங்கே வேணாலும் செய், ஆனா இந்தப் பாரம்பரிய முறைப்படி செய்’னு. சான் மர்சானோ தக்காளிக்கும், அந்த எருமை மொஸரெல்லாவுக்கும் 1996-ல கொடுத்தது எது? மண்ணுக்கான பாதுகாப்பு. சரி. 2010-ல நேப்பிள்ஸ் பீட்சாவுக்குக் கொடுத்தது எது? முறைக்கான பாதுகாப்பு! சட்டமே பிரிச்சு எழுதி வச்சிருக்கு ஐயா. தக்காளி மண்ணோடது, பீட்சா கையோடது!

இன்னும் கேளுங்க. 2017-ல யுனெஸ்கோ, மனிதகுலத்தின் கலாசாரச் சொத்துப் பட்டியல்ல ஒண்ணைச் சேர்த்தாங்க. பீட்சாவையா சேர்த்தாங்க? இல்லை! நேப்பிள்ஸ் பீட்சா மாஸ்டரோட கலையைச் சேர்த்தாங்க. அங்கே அந்த மாஸ்டருக்கு ‘பிட்சாயுவோலோ’ன்னு பேரு. அந்த ஊர்ல மட்டும் சுமார் 3,000 பேர் இருக்காங்க. தட்டுல இருக்கிற பண்டத்துக்கு இல்லை மாலை, அதைத் தட்டின கைக்கு மாலை!

அந்த ஊர்ப் பழைய மாஸ்டர்கள் 1984-ல ஒரு சங்கம் வச்சாங்க, ‘உண்மையான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம்’னு. மாவுக்கு இவ்வளவு நேரம், அடுப்புக்கு இவ்வளவு சூடு, கட்டை உருட்டக் கூடாதுன்னு எழுதி வச்சாங்க. அதன்படி நடக்கிற கடைக்குப் பலகை கொடுக்கிறாங்க. எங்கெங்கே கொடுக்கிறாங்க? அமெரிக்காவுல, ஜப்பான்ல, இன்னும் எத்தனையோ நாட்டுல! ஜப்பான்லேருந்து பையனுங்க நேப்பிள்ஸ் வந்து வருஷக்கணக்காப் பாத்திரம் கழுவி, மாவு பிசைஞ்சு, கத்துக்கிட்டுப் போய்க் கடை வச்சாங்க. திரும்ப வந்து நேப்பிள்ஸ் போட்டியிலயே பரிசும் வாங்கினாங்க! மண்ணு மாறிப்போச்சு, மொழி மாறிப்போச்சு. பரிசு கொடுத்தவங்க ‘நீ எந்த மண்ணு’ன்னு கேட்கலை. ‘கையைக் காட்டு’ன்னாங்க. (கைதட்டல்)

நடுவர்: அதெல்லாம் சரிங்க. பீட்சா மேல அன்னாசிப்பழத்தைப் போட்டுச்சே, அதுவும் ஒரு கைதானே? (பலத்த சிரிப்பு)

ஐயா, என்னை மடக்குறதுக்குன்னே ராத்திரி பூரா யோசிச்சிருக்கீங்க! (சிரிப்பு) அதுக்கு ‘ஹவாய் பீட்சா’ன்னு பேரு. போட்டவர் ஹவாய்க்காரரும் இல்லை, இத்தாலிக்காரரும் இல்லை. கிரீஸ் நாட்டுல பிறந்து கனடாவுல ஓட்டல் வச்சிருந்த சாம் பனோபுலோஸ்னு ஒருத்தர், 1962-ல. நேப்பிள்ஸ்காரங்க இன்னமும் அதைக் கேட்டா முகம் சுளிக்கிறாங்க. ஆனா அவர் ‘இது நேப்பிள்ஸ் பீட்சா’ன்னு சொல்லி விக்கலையே? வேற பேரு வச்சு, வெளிப்படையாச் செஞ்சார். பிடிச்சவன் சாப்பிடுறான், பிடிக்காதவன் ஓடுறான். நீரூற்றுக்குப் பக்கத்துல எனக்கு ‘நமஸ்தே’ சொல்லி ஏமாத்தினாரே, அவரைவிட அந்தக் கனடாக் கை எவ்வளவோ யோக்கியமான கை! (கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்ப ஒரு விஷயம் சொல்றேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நேப்பிள்ஸ்லேருந்து ராத்திரிக் கப்பல் ஏறினா, விடிஞ்சா சிசிலித் தீவு. பலேர்மோன்னு ஊர். அங்கே ஒரு வகைப் பீட்சா இருக்கு, ஸ்ஃபின்ச்சோனேன்னு. பஞ்சு மாதிரி தடிமனா இருக்கும். மேலே தக்காளியும் வெங்காயமும், ரொட்டித்தூளும். வழக்கமா நெத்திலி மீனும் போடுவாங்க. ஒரு சந்துல சின்ன அடுப்புக்கடை. பாட்டி சொன்ன மூணு அடையாளமும் இருந்துச்சு: ஊர்க்காரங்க நிக்கிறாங்க, படம் இல்லை, அடுப்புக்கு முன்னால ஆள் தெரியுறார். நான் எங்க வீட்டம்மாகிட்ட, ‘மீன் போடாம இருக்கான்னு எப்படிக் கேட்கிறது?’ன்னு தமிழ்ல புலம்பிக்கிட்டிருந்தேன்.

அடுப்புக்கு முன்னால நின்ன ஆள் திரும்பினார். ‘ஐயா, தமிழோ? மீன் இல்லாமலும் இருக்குது. இருங்கோ, தாறன்’னார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு! பலேர்மோ நகரத்துல ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் இருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எண்பதுகள்ல யுத்தத்துக்குப் பயந்து கிளம்பினவங்க. அந்த ஊர்க் காவல் தெய்வம் புனித ரொசாலியாவோட மலைக்குச் சைவத் தமிழர்களும் ஏறிப்போய்க் கும்பிடுறாங்க. இவர் பருத்தித்துறைக்காரர். பேரு சொல்ல வேண்டாம்னார். சொல்லலை.

‘இந்த வேலையை எப்படித் தம்பி கத்துக்கிட்டீங்க?’ன்னு கேட்டேன். ‘எண்பத்தொன்பதிலை வந்தனான் ஐயா. இந்தக் கடையிலை கோப்பை கழுவினனான். முதலாளி கிழவர். ஒருநாள் என்ர கையைப் பிடிச்சு மாவுக்குள்ளை வைச்சார். எனக்கு அவற்றை பாசை தெரியாது, அவருக்கு என்ர பாசை தெரியாது. மாவுதான் ரெண்டு பேருக்கும் பாசை. மழைக்குத் தண்ணியைக் குறை, வெய்யிலுக்குப் புளிப்பைக் குறை எண்டு கையைப் பிடிச்சே காட்டினார். அவற்றை பிள்ளையள் வடக்கை வேலைக்குப் போட்டினம். கிழவரும் செத்துப்போனார். இப்ப நான்தான் நிக்கிறன்.’

வாங்கிச் சாப்பிட்டோம். பக்கத்துல ஒரு கிழவி, அந்த ஊர்க்காரி, சாப்பிட்டுக்கிட்டே அவரைக் காட்டி என்னமோ சொல்லிச்சு. ‘என்ன சொல்றாங்க?’ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, ‘இது பழைய முதலாளியின்ர கை எண்டு சொல்லுறா ஐயா’ன்னார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ஒண்ணு சொன்னார்: ‘முப்பது வருசமாச்சுது. என்னை இன்னும் இந்த ஊர்க்காரன் எண்டு எல்லாரும் சொல்ல மாட்டினம். ஆனா என்ர கையை இந்த ஊர்க் கை எண்டு சொல்லுவினம்.’

நடுவர் ஐயா, இதுக்கு மேல என்ன தீர்ப்பு வேணும்? அந்த மண்ணுல பிறந்த பிள்ளைங்க வேலை தேடிப் போயிட்டாங்க. வேற மண்ணுல பிறந்தவர் அந்தச் சுவையைக் காப்பாத்தி வச்சிருக்கார்! (கைதட்டல்)

ஆனா எங்க வீட்டம்மா வேற ஒண்ணு கேட்டாங்க. பொம்பளைங்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோணும். ‘தம்பி, இதெல்லாம் செய்யறீங்க. உங்க ஊர்ச் சாப்பாடு செய்வீங்களா?’ அவர் கொஞ்ச நேரம் பேசலை. அடுப்புல விறகைத் தள்ளினார். அப்புறம் சொன்னார்:

‘அம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவா. ஊரிலையிருந்து ஒடியல் மா பார்சலிலை வரும். எங்கட பனை, எங்கட மண். எல்லாம் சரியாத்தான் வரும். நானும் காய்ச்சிப் பாத்தனான், மனுசியும் காய்ச்சிப் பாத்தவ. வரேல்லை அக்கா. அம்மா போன நேரம் எனக்குப் போகேலாமல் போச்சுது. பக்கத்திலை நிண்டு நான் ஒருநாளும் பழகேல்லை. பெடியன்தானே, கூழ் குடிக்கத்தான் போனனான். மண் பார்சலிலை வந்துது. அம்மாவின்ர கை வரேல்லை.’

(அரங்கில் அமைதி)

ஐயா, எதிரணியினர் இவ்வளவு நேரம் ‘மண்ணு மண்ணு’ன்னு பேசினாங்க. மண்ணை மூட்டை கட்டி அனுப்பலாம். சான் மர்சானோ தக்காளியை டப்பாவுல அடைச்சு உலகம் பூரா அனுப்புறாங்க. ஒடியல் மாவைக் கடல் தாண்டி அனுப்புறாங்க. தபால்ல போகாத ஒரே பொருள் கைதான். அது ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்குப் பக்கத்துல நின்னுதான் போகும். ஒரு இத்தாலிக் கிழவர், மொழியே தெரியாத ஒரு பையனோட கையைப் பிடிச்சு மாவுல வச்சார். அதனால அந்த ஊர்ச் சுவை பிழைச்சுது. ஒரு தாய் கூழ் காய்ச்சினா, மகன் பக்கத்துல நிக்கலை. அந்தச் சுவை அந்த அம்மாவோடயே போயிடுச்சு.

நாங்க கிளம்புறப்ப அந்தக் கடைக்குப் பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு பள்ளிக்கூடப் பையோட வந்துச்சு. அவர் மகள். பையைக் கழட்டி வச்சது, கையைக் கழுவினது, அப்பாவுக்குப் பக்கத்துல நின்னு மாவுல கையை வச்சது. ‘லீவு நாளிலை தன்ர பாட்டிலை வந்து நிப்பா’ன்னார். அப்ப அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே நீங்க! இழந்தவனுக்குத்தான் தெரியும், பக்கத்துல வந்து நிக்கிற பிள்ளையோட அருமை.

அதனால வெளிநாடு போகிற பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்றேன். போற ஊர்ல அசல் எங்கேன்னு தேடுங்க. பலகையைப் பார்க்காதீங்க, படத்தைப் பார்க்காதீங்க, அடுப்புக்கு முன்னால நிக்கிற கையைப் பாருங்க. ஆனா விமானம் ஏறுறதுக்கு முன்னால ஒரு வேலை பாக்கி இருக்கு. உங்க வீட்டு அடுப்பங்கரைக்குப் போங்க. உங்க அம்மா குழம்பு கூட்டுறப்ப ‘எத்தனை ஸ்பூன்?’னு போன்ல கேட்காதீங்க. அவங்களுக்கே தெரியாது! (சிரிப்பு) பக்கத்துல போய் நில்லுங்க. பையனா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தாலும் சரி, அந்தக் கை இருக்கிறப்பவே உங்க கையை அது பக்கத்துல வையுங்க. மிளகாய்த்தூள் பின்னாலயே பார்சல்ல வரும். கை வராது ஐயா, கை வராது!

ஆகவே, ரோமில் மண்ணிருந்தும் ஏமாந்தவன் என்ற முறையிலும், பலேர்மோவில் கையைக் கண்டு கலங்கினவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: வெளிநாட்டில் ஆனாலும் உள்ளூரில் ஆனாலும் அசல் சுவையைத் தருவது கையே, கையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கைகூப்பிக் கேட்டு – பாருங்க, கேட்கிறதுக்கும் கைதான் வேண்டியிருக்கு! (சிரிப்பு) – விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)